கொழுப்பெடுத்துப் போனவர்கள்

தம்பி மகன் தமிழ்ப்பள்ளிக்காகத் தென்துருவத்தைப் பற்றி ஒரு திரட்டேடு செய்துகொண்டிருந்தான். ஒட்டுவதற்காக அச்சடித்து வைத்திருந்த படங்களில் ஒன்றில் ஐந்து பேர் பனியில் நின்றும் உட்கார்ந்தும் இருந்தார்கள். கேப்டன் ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இவனுங்க ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்கானுங்க?"

"இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாரும் செத்துப் போகப் போறாங்க பாட்டி."

"அங்க எதுக்குப் போனாங்க?"

"சும்மாதான். உலகத்துலயே முதல்ல போய்ச் சேரணும்னு."

அம்மா ஒரு வெங்காயத்தை முழுக்க உரித்து முடித்தார். அப்புறம் ஒரே சொல் சொன்னார்: "கொழுப்பு."

மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம். அம்மாவின் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய காலத்தைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர். வயிற்றுப்பாட்டுக்கு இல்லாமல் பனிக்குள் போனவனைக்கூட அவரால் புரிந்துகொள்ள முடியும். எல்லாம் இருந்தும் போய்ச் செத்தவனைப் புரிந்துகொள்ள அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. அன்று நான் சிரித்தேன். திரட்டேட்டுக்கு உதவ உட்கார்ந்து படிக்கப் படிக்கத்தான், அம்மா சொன்னது அவர் நினைத்ததற்கும் மேலே சரி என்று தெரிந்தது. அந்தப் பனிக்கண்டத்துக்கு ஆட்களை இழுத்ததில் திமிருக்குப் பங்கு உண்டு. கொழுப்புக்கு, அதாவது எண்ணெயாக உருக்கி விற்கிற நிஜக் கொழுப்புக்கு, அதைவிடப் பெரிய பங்கு.

பள்ளிப் புத்தகம் சொல்கிற கதையை முதலில் முடித்துவிடலாம். நார்வேயின் ரோல்ட் ஆமுண்ட்சன் 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை அடைந்தார். ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே நார்வேக் கொடி பறந்தது. படத்தில் அந்த முகங்களுக்கு அதுதான் காரணம். திரும்பும் வழியில் ஐவரும் இறந்தார்கள். அவர்களில் கடைசி மூவரின் கூடாரம், உணவு புதைத்து வைத்திருந்த இடத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் கிடைத்தது. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து புறப்பட்டவன் கோலசிலாங்கூர் எட்டுவதற்குள் விழுந்த மாதிரி.

இந்தத் தோல்வியைப் பற்றி நூறு ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். வானிலை, குதிரை, நாய், தலைமை என்று பல காரணங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுப்படிக் கணக்கு. கடுங்குளிரில் ஆட்களே பனிவண்டியை இழுத்துப் போனால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 6,000 கலோரிக்கு மேல் வேண்டும். ஸ்காட்டின் குழுவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 4,500. பிஸ்கட், வெண்ணெய், சர்க்கரை, கொக்கோ, அத்துடன் பெமிக்கன். பெமிக்கன் என்பது உப்புக்கண்டத்தை இடித்துக் கொழுப்பில் பிசைந்து கட்டியாக்கினால் எப்படி இருக்குமோ அது. அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. காரணம் எளிது: ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும், ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். தூக்கிச் செல்கிற ஒவ்வொரு கிராமும் சுமையாகிற இடத்தில் கொழுப்புதான் உயிர். இது போதாதென்று, வழியில் புதைத்து வைத்த மண்ணெண்ணெய் டின்களில் மூடியின் தோல் வளையம் குளிரில் சுருங்கி, எண்ணெய் கசிந்து ஆவியாகியிருந்தது. ஆமுண்ட்சன் டின்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். 52 நாய்களோடு புறப்பட்டு, போகப் போக நாய்களையே கொன்று, மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாக்கி, 11 நாய்களோடு திரும்பினார். படிக்க நன்றாக இல்லைதான். ஆனால் அவர் திரும்பினார்.

சரி, இவர்கள் எந்தக் கப்பலில் போனார்கள்? ஸ்காட்டின் டெர்ரா நோவா, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் திமிங்கிலமும் கடல்நாயும் வேட்டையாடக் கட்டிய கப்பல். ஸ்காட்டுக்குப் பின் தென்துருவப் பயணம் போன ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் கட்டப்பட்டது நார்வேயின் சாண்டெஃபியூரில். அந்த ஊரே திமிங்கில வேட்டையில் வளர்ந்த ஊர். பனியை உடைத்துக்கொண்டு போகத் தெரிந்த கப்பலும் மாலுமியும் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் அந்தத் தொழிலில்தான் தேட வேண்டும். வீரக்கதைகளில் இது ஓரத்தில் வந்து போகும். நான் இதை நடுவில் வைத்துப் பார்க்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட கடல்களில் திமிங்கிலம் அருகிப்போனது. அதே சமயம் நார்வேயின் ஸ்வென் ஃபோயின் வெடிக்கும் ஈட்டியைப் பீரங்கியில் பொருத்தி, நீராவிப் படகில் ஏற்றியிருந்தார். அதுவரை நீலத் திமிங்கிலத்தை யாராலும் துரத்திப் பிடிக்க முடியாது, கொன்றாலும் மூழ்கிவிடும். இப்போது துரத்தலாம், கொன்றபின் வயிற்றில் காற்றடித்து மிதக்கவும் விடலாம். ஆக, தெற்கே பார்க்க ஆட்கள் கிளம்பினார்கள். ஃபோயின் பணம் போட்டு அனுப்பிய கப்பலிலிருந்து 1895 ஜனவரியில் சிலர் அடேர் முனையில் கரையேறினார்கள். அண்டார்டிகப் பெருநிலத்தில் கால் வைத்த முதல் மனிதர்களில் அவர்களும் உண்டு. திமிங்கிலம் தேடிப் போன இடத்தில் கண்டம் கிடைத்தது.

இந்தக் கதையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் ஸ்காட்டையோ ஆமுண்ட்சனையோ சொல்ல மாட்டேன். கார்ல் அன்டன் லார்சன் என்ற நார்வே கேப்டனைச் சொல்வேன். 1892 முதல் 1894 வரை திமிங்கிலம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவரப் போனவர். போன இடத்தில் புதைபடிவங்களையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் 1901இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வுப் பயணத்துக்குக் கப்பலோட்டினார். 1903 பிப்ரவரியில் பனி நெருக்கி அந்தக் கப்பல் மூழ்கியது. லார்சனும் மாலுமிகளும் பாலெட் தீவில் கல்லை அடுக்கிக் குடிசை கட்டி, பென்குயின் தின்று குளிர்காலத்தைக் கழித்தார்கள். அர்ஜென்டினாக் கப்பல் வந்து மீட்டது.

இப்படிப் பிழைத்து வந்த மனிதன் என்ன செய்வான்? ஊருக்குப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பான் என்றுதான் நாம் நினைப்போம். லார்சன், வரவேற்ற புவேனஸ் அயர்ஸ் பணக்காரர்களிடமே மூலதனம் திரட்டினார். 1904 நவம்பரில் தெற்கு ஜார்ஜியாத் தீவில் எண்ணெய் ஆலை கட்டத் தொடங்கினார். அந்த இடத்தின் பெயர் கிரிட்விக்கன். பழைய கடல்நாய் வேட்டைக்காரர்கள் விட்டுப் போன கொழுப்புருக்கும் சட்டிகள் அங்கே கிடந்ததால் வந்த பெயர். தமிழில் சொன்னால் கொப்பரைக் குடா. தேங்காய்க் கொப்பரையையும் எண்ணெய்க் கொப்பரையையும் ஒரே சொல்லால் சொல்கிற நமக்கு அந்தப் பெயர் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. 1904 முதல் 1965 வரை அந்த ஒரு தீவின் நிலையங்களில் மட்டும் 1,75,250 திமிங்கிலங்கள் வெட்டப்பட்டன.

வீரர்களின் கதை அந்த ஆலைக்குள் நுழைகிற ஓர் இடம் உண்டு. எண்டியூரன்ஸ் 1914 டிசம்பர் 5 அன்று கிரிட்விக்கனிலிருந்துதான் புறப்பட்டது. அந்த ஆண்டு வெடல் கடலில் பனி மோசம் என்று வேட்டைக்காரர்கள் எச்சரித்தார்கள். ஷாக்கிள்டன் கேட்கவில்லை. கப்பல் சிக்கி, நசுங்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. 28 பேரும் பனிப்பாளத்தில் மாதக்கணக்கில் மிதந்து, யானைத் தீவில் கரையேறினார்கள். அங்கிருந்து ஆறு பேர் 7 மீட்டர்கூட இல்லாத ஒரு படகில் 1916 ஏப்ரல் 24 அன்று கிளம்பி, ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் கடந்து தெற்கு ஜார்ஜியாவுக்கு வந்தார்கள். வந்தது தீவின் தவறான பக்கம். ஷாக்கிள்டனும், அந்த ஆறு பேரில் வொர்ஸ்லியும் டாம் கிரீனும் வரைபடமே இல்லாத மலைகளை 36 மணி நேரம் நடந்து கடந்தார்கள். மே 20 காலை, எங்கோ கீழே ஒரு சங்கு ஊதியது. ஸ்ட்ரோம்னஸ் எண்ணெய் ஆலையில் ஏழு மணி வேலைக்கு ஆட்களைக் கூப்பிடும் சங்கு. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அவர்கள் காதில் விழுந்த முதல் வெளியுலகச் சத்தம் அது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு எழுந்து, ஆலைச் சங்கு கேட்டுத்தான் நாளைக் கூறு போட்டார்கள் நம் ஆட்கள். அந்தச் சங்கு காதில் விழுந்தால் வயிறு கலங்குமே தவிர யாரும் சந்தோஷப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஷாக்கிள்டனுக்கு அது உயிர்ச் சத்தம். ஆனால் அன்று அந்தச் சங்குக்கு எழுந்து, கொழுப்பு வழுக்கும் மேடையில் கத்தியோடு ஏறிய நார்வேத் தொழிலாளிக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் குறிப்பேடு எழுதவில்லை. எழுதியிருந்தாலும் யார் அச்சடித்திருப்பார்கள்?

கொடி நடும் கதையும் இதே வழிதான். பிரிட்டன் 1908இல் தெற்கு ஜார்ஜியாவையும் அண்டார்டிகத் தீபகற்பத்தின் ஒரு பகுதியையும் தன்னுடையது என்று அறிவித்தது. துருவத்தை அப்போது யாரும் அடைந்திருக்கவே இல்லை. அறிவித்ததால் வேட்டைக்கு உரிமம் கொடுக்கவும் எண்ணெய்க்கு வரி வாங்கவும் முடிந்தது. 1925 முதல் அந்த வரிப்பணத்தில்தான் கடலாய்வு நடந்தது. ஸ்காட்டின் முதல் கப்பலான டிஸ்கவரியையே அதற்கு வாங்கினார்கள். அதே 1925இல்தான் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது, அதுவும் ஏற்றுமதி ரப்பர்மீது விதித்த தீர்வையில். திமிங்கிலம் எங்கே குட்டி போடுகிறது என்ற ஆராய்ச்சியும் பால்மரத்துக்கு எப்படி ஒட்டுக்கட்டுவது என்ற ஆராய்ச்சியும் ஒரே அச்சில் வார்த்த காரியங்கள்.

நார்வே 1939இல் கோரிய குயின் மாட் நிலமும் வேட்டைக்களத்தைக் காப்பாற்றக் கோரியதே. அதற்கு முன் பத்தாண்டு கப்பல் கப்பலாக அனுப்பிக் கரைகளை வரைந்தவர் லார்ஸ் கிறிஸ்டென்சன் என்ற வேட்டைக் கப்பல் முதலாளி. அவர் மனைவி இங்கிரிட்டும் கூடவே போனார்; அண்டார்டிகாவைப் பார்த்த முதல் பெண்களில் ஒருவர். இந்தியா 2012இல் திறந்த பாரதி ஆய்வு நிலையம் நிற்பது இங்கிரிட் கிறிஸ்டென்சன் கரை என்று அவர் பெயர் வைத்த கரையில்தான்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இவ்வளவு எண்ணெய் எதற்கு? விளக்கெரிக்க என்று பலர் நினைக்கிறார்கள். மண்ணெண்ணெய் வந்ததால் திமிங்கிலம் பிழைத்தது என்று ஒரு பேச்சும் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 20ஆம் நூற்றாண்டில், விளக்குக்கு மண்ணெண்ணெயும் மின்சாரமும் வந்த பிறகு, தென்கோளக் கடல்களில் மட்டும் சுமார் 20 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. காரணம் ஒரு வேதியியல் வேலை. ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன் 1902இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, திரவ எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அது கெட்டிக் கொழுப்பாகிறது. மீன் வாடையும் போய்விடுகிறது. உடனே திமிங்கில எண்ணெய் ஐரோப்பிய ஏழைகளின் ரொட்டியில் மார்கரினாக ஏறியது. மிச்சம் சவர்க்காரமானது. அதிலிருந்து பிரித்த கிளிசரின் முதல் உலகப்போரில் வெடிமருந்தானது. 1930களில் இந்த எண்ணெயைப் பெருமளவு வாங்கியது யூனிலீவர். மார்கரினும் சவர்க்காரமும் என்றால் இன்றைக்கு எதன் ஞாபகம் வருகிறது? எங்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்கிற டேங்கர் லோரிகளில் இருக்கிற செம்பனை எண்ணெய்தான்.

ஆமுண்ட்சனும் ஸ்காட்டும் பனியில் நடந்துகொண்டிருந்த அதே 1911, 1912 ஆண்டுகளில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை சுமத்ராவின் டெலியிலிருந்து செம்பனை விதைகளை வாங்கி, சிலாங்கூரின் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் அழகுக்கு நட்டார். 1917இல் காப்பி சரிவராத இடத்தில் வணிகத்துக்காக நட்டார். இந்த இரண்டாவது தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட். மலாயாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் வைத்தது அங்கேதான். செம்பனை தொடங்கிய இடத்துக்குப் பெயர் தென்னமரம். இது எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரரிடம் தவறாமல் சொல்லும் பழைய வேடிக்கை. செம்பனை எண்ணெயின் குணம், குளிர்நாட்டில் தானாகவே பாதி உறைந்து நிற்பது. மார்கரின் செய்பவனுக்கு அதுதான் வேண்டும்.

அம்மாவுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேட்டைக்காரர் கணக்கில் ஒரு நீலத் திமிங்கிலம் சராசரியாக 110 பீப்பாய் எண்ணெய் தரும். ஆறு பீப்பாய் ஒரு டன். ஆக 18 டன். இன்றைய செம்பனை ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு டன் எண்ணெய் தருகிறது. அதாவது ஒரு திமிங்கிலம், பன்னிரண்டு பதின்மூன்று ஏக்கரில் ஓர் ஆண்டு முழுக்கக் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி எடுக்கிற எண்ணெய்க்குச் சமம். உரம் வேண்டாம், புல் வெட்ட வேண்டாம், தொழிலாளிக்கு லயம் கட்ட வேண்டாம். பெரிய ஆலைக்கப்பலில் ஒரு மணி நேரமளவில் வேலை முடிந்துவிடும். செம்பனை வைத்து மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கும். நீலத் திமிங்கிலமோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும்.

1930-31 பருவத்தில் மட்டும் 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். எண்ணெய் சுமார் 36 லட்சம் பீப்பாய். வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. மறுபருவம் நார்வேக் கப்பல்கள் துறைமுகத்திலேயே கிடந்தன. அதே ஆண்டுகளில் மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தென்கடலில் திமிங்கிலத்துக்கு ஓராண்டு மூச்சு விடக் கிடைத்த காரணமும் இங்கே அடுப்பு அணைந்த காரணமும் ஒன்றேதான்.

திமிங்கில வேட்டையைக் கட்டுப்படுத்த 1946இல் அனைத்துலக உடன்பாடு வந்தது. ஆனால் அளவுகோலைப் பாருங்கள்: நீலத் திமிங்கிலம் ஒன்று ஓர் அலகு; அதற்கு ஈடாகத் துடுப்புத் திமிங்கிலம் இரண்டு, கூன்முதுகுத் திமிங்கிலம் இரண்டரை, சேய்த் திமிங்கிலம் ஆறு. எந்த இனம் எவ்வளவு மிச்சம் என்ற பேச்சே அதில் கிடையாது. எது எவ்வளவு எண்ணெய் தரும் என்பது மட்டும்தான். உயிரைக் காக்க வந்த ஏற்பாடு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணியின் எடைக் கணக்கில் எழுதப்பட்டது. போதாததற்கு, மொத்தம் 16,000 அலகு முடியும்வரை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றார்கள். மறுபடி பந்தயம். 1959இல் கையெழுத்தான அண்டார்டிக ஒப்பந்தம் நிலத்தின்மீதான உரிமைச் சண்டைகளை உறைய வைத்தது, ராணுவத்தைத் தடுத்தது. திமிங்கில வேட்டையைத் தொடவில்லை. நீலத் திமிங்கிலத்துக்கு முழுப் பாதுகாப்பு 1966இல்தான் கிடைத்தது. தென்கடலில் ஏறக்குறைய 2,39,000 இருந்த இனம், 1970களின் தொடக்கத்தில் சில நூறுக்கு வந்திருந்தது என்பது பின்னாளைய ஆய்வாளர்களின் மதிப்பீடு.

செம்பனை வந்து திமிங்கிலத்தைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஊர்ப் பெருமை. ஆனால் கொல்வதற்குத் திமிங்கிலம் கிடைக்காமல் போனதால்தான் ஆலைகள் மூடின. காலியான இடத்துக்குச் சோயா, சூரியகாந்தியோடு செம்பனையும் வந்தது. 1960களில் பெல்டா என்ற அரசு நிலத்திட்டத்தின் குடியேற்றங்களும் பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்த தோட்டங்களும் பெருகிய பின்னணியில், ஐரோப்பாவுக்கு அப்போதும் மலிவான கெட்டிக் கொழுப்பு தேவைப்பட்டது என்பதும் இருக்கிறது. அதற்கு விலையாக எவ்வளவு காடு போனது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

மலேசியாவுக்கு அந்தக் கண்டத்தோடு நேரடி வழக்கும் ஒன்று உண்டு. 1982இல் பிரதமர் மகாதீர் ஐ.நா.வில், அண்டார்டிகா சில நாடுகளின் கிளப்புக்குச் சொந்தமில்லை, உலகத்துக்கே பொது என்று வாதாடினார். பல ஆண்டு மல்லுக்கட்டிய பிறகு 2011இல் மலேசியாவும் அதே ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேர்ந்தது சரிதான் என்பது என் எண்ணம். இருந்தாலும் அந்தப் பழைய கேள்வியை மறந்திருக்க வேண்டியதில்லை. இன்று அங்கே கப்பல்கள் அள்ளுவது திமிங்கிலத்தின் உணவான கிரில் என்ற சிற்றுயிரை. தீபகற்பத்திலிருந்து தெற்கு ஜார்ஜியாவரை பரந்த கடலில் ஆண்டுக்கு 620,000 டன் வரை அள்ள அனுமதி. பெரும்பாலும் பண்ணை மீனுக்குத் தீனி. கொஞ்சம், மருந்துக்கடையில் சிவப்பு மாத்திரையாக வரும் எண்ணெய்.

2020இல் ஓர் ஆய்வுக்கப்பல் தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி 23 நாள் தேடி, 55 நீலத் திமிங்கிலங்களைக் கண்டது. ஆய்வாளர்களுக்கே அது ஆச்சரியம். 2018இல் வந்தபோது அவர்கள் கண்டது ஒன்றே ஒன்று.

தம்பி மகன் திரட்டேட்டில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறான். இடப்பக்கம் கிரிட்விக்கனின் துருப்பிடித்த கொதிகலன்கள், வலப்பக்கம் எங்கள் ஊர்ச் செம்பனை ஆலையின் புகைபோக்கி, நான் கைத்தொலைபேசியில் எடுத்தது. ஸ்காட் பக்கத்தில் எண்ணெய் ஆலை எதற்கு என்று ஆசிரியை கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டான். பாட்டி சொன்ன சொல்லை மட்டும் சொல்லிவிடாதே என்றேன்.